எந்த பஸ் என்று கேட்காதே, ஐயா

அன்பு மகனுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இன்று காலை ஆறு மணிக்கு இதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டாய், சட்னியில் உப்புக் கம்மி என்றாய், கைப்பேசியைப் பார்த்தபடியே வேலைக்குப் போனாய். நீ வைத்துவிட்டுப் போன தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாயைக் கண்டால் இந்தத் தாமான் குடியிருப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். மூன்று நாளாக நான் பேச வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிறாய். கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் அது வைத்த இடத்திலேயே கிடக்கும்.

இதில் இரண்டு பிரதி எழுதப் போகிறேன். ஒன்று உன் கட்டிலின் மேல் இருக்கும். மற்றொன்று தொழிற்சங்கத்தின் செய்தி மடலுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற அந்த எட்டுப் பக்கத்துக்கு ஆசிரியர் கிளைச் செயலாளர்தான், அதாவது நீதான். அச்சிடுவதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம். குப்பையில் போட்டால் ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்க மூன்றாவது பிரதி ஒன்று எழுத எனக்கு இன்னும் கை வலிக்கவில்லை. உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. இப்போது இங்கே இருக்கிறவர்களில் கலாவதியின் பெயர் மட்டும் இருக்கிறது. அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "போடுங்கக்கா, நான் என்ன திருடியா" என்றாள்.

சனிக்கிழமை நானும் அப்பாவும் உன் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு அலோர் காஜாவுக்குப் போனோம். அங்கே ஆறு வீடு. ஐந்தாவது வீடு கலாவதியுடையது. நீ வேலை செய்கிற அதே கையுறைத் தொழிற்சாலையில், என்னோடு ஒரே சோதனைப் பிரிவில், பதினான்கு வருடம் பக்கத்து மேசையில் நின்றவள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கணவர் இல்லை, மகள் இந்த வருடம் ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவளுக்கு வேலை போய்விட்டது என்பதே எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, உள்ளே நடப்பதைச் சொல்ல எனக்கு நீதான் ஆள், நீ சொல்லவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை கோலத்தில் நீ எப்படி இருப்பாய் என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே, "அக்கா, தம்பிக்கு அந்தக் காய்ச்சல் முழுசா விட்டுருச்சா? கல்யாண நேரம், ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க லா" என்றாள்.

எந்தக் காய்ச்சல் என்று கேட்கப் போனேன். அதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, நீ படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒடம்பு முடியலம்மா. யாரு போன் பண்ணாலும் காய்ச்சல்னு சொல்லிருங்க" என்றாய். உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. முப்பது வயதுப் பிள்ளை வேலைக்குப் போகச் சோம்பல்படுகிறான், சங்கத் தேர்தல் அலைச்சல் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நானே உனக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டேன். மிளகு ரசம் வைத்தேன். மூன்று முறை வாங்கிக் குடித்தாய். ஒன்பது மணி வாக்கில் என் கைப்பேசிக்குக் கலாவதி கூப்பிட்டாள். "அக்கா, தம்பி போன் அடைச்சிருக்கு. கெளம்பிருச்சா?" என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அவனுக்கு நல்ல காய்ச்சல்மா, எழுந்திருக்கவே முடியல" என்று சொன்னேன். 'நல்ல' என்ற சொல்லை நீ சொல்லித் தரவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்கு விசாரணை. தொழிலாளியை வேலையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் நிர்வாகம் ஓர் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்குமே, அந்த விசாரணை. சங்கத்திலிருந்து ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசலாம். நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். அதைக் கலாவதி சொல்லச் சொல்ல என் கையில் காப்பி ஆறிப்போனது.

"மேனேஜர் கேட்டாரு லா, ஒங்க யூனியன் ஆளு வரலயே, வேற நாளைக்கு மாத்தவான்னு. நான்தான் வேணாம்னுட்டேன். காய்ச்சல்ல கெடக்கற புள்ளைய எத்தன தடவ இழுக்கறது? நீங்க சொன்ன பொறவு எனக்கு வேற நெனப்பே வரலக்கா. தனியா ஒக்காந்தேன். ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. வேல காலின்னு வியாழக்கெழம கடுதாசி குடுத்துட்டாங்க."

வேறு யாராவது காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் யோசித்திருப்பாள். நான் சொன்னதால் நம்பினாள். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். தோல் உரிந்த கையோடுதான் என்னிடம் தட்டை வாங்கினாள். மேல்முறையீடு செய்தாயா, இலாகாவுக்கு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன். "தம்பிதான் மெசேஜ் போட்டுச்சே" என்று கைப்பேசியைக் காட்டினாள். பார்த்துக்கொள்ளலாம் அக்கா, அவசரப்பட்டு எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று உன் பெயரில் இருந்தது. ஒரு முறை அனுப்பியதல்ல. நான்கு முறை.

வேலையை விட்டு நீக்கிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுதிக் கொடுக்காவிட்டால் அவளுக்குப் பிறகு எந்த வழியும் கிடையாது. இது எனக்குத் தெரியும். நானும் பதினோரு வருடம் செயலவையில் இருந்தவள். உனக்கும் தெரியும்; உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒன்பதையும் அவள் உன்னை நம்பியே கழித்திருப்பாள். காரில் ஏறியதும் அப்பாவிடம் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும் லா. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆறாவது வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

அவள் மேல் சொன்ன குற்றம் என்ன என்பதை இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் மேசையில் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். அரை மணிக்கு ஒருமுறை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிகிற நேரத்துக்கும் தொழிற்சாலை பஸ் புறப்படுகிற நேரத்துக்கும் நடுவில் மூச்சு விட நேரமில்லை. பஸ்ஸை விட்டால் தொழிற்சாலை இருக்கிற ஆயர் குரோவிலிருந்து அலோர் காஜாவுக்கோ ஜாசினுக்கோ போய்ச் சேருவது பெரும்பாடு. அதனால் கடைசி அரை மணிக்கான கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிடுவோம். "சைன் பண்ணிட்டு ரெடியா நில்லுங்க" என்று சூப்பர்வைசரே வந்து சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அப்படித்தான் பழக்கினார்கள், ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அப்படித்தான் போட்டேன். இந்த முறை எங்கேயோ வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஓட்டைக் கையுறை திரும்பி வந்திருக்கிறது. யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும். கேமராவைப் போட்டுப் பார்த்தால், அட்டையில் கலாவதி கையெழுத்து இருக்கிற நேரத்தில் கலாவதி பஸ் வரிசையில் நிற்கிறாள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம், செய்யச் சொன்னதே நீங்கள்தான் என்று ஒரு வாக்கியம் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. அவள் பயத்தில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதையே ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். விசாரணைக்கு ஏன் போகவில்லை என்றேன். காய்ச்சல் என்றாய்.

"தம்பி, நெத்தியத் தொட்டுப் பாத்தவ நான்."

குழாயை மூடினாய். நீ தலை குனிவாய் என்று நான் எதிர்பார்த்தேன், ஐயா. நீ நிமிர்ந்துதான் பேசினாய். "அவ எனக்கு எதிரா நின்னவம்மா. தேர்தல் அன்னிக்கி கேண்டீன் வாசல்ல என்னோட போட்டி போட்டவன் படத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா. நான் வரக் கூடாதுன்னு நின்னவளுக்கு இப்ப மட்டும் நான் வேணுமா?" என்றாய். சந்தா பிடிக்கும்போது யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டுப் பிடிக்கிறார்களா என்று கேட்டேன். "அத விடுங்க. நான் போயி எல்லாரும் முன்னாடியே சைன் பண்றாங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்க பாதிப் பேரு மாட்டுவாங்க. அவளுக்காக நம்மாளுங்களக் குடுக்க முடியுமா?" என்றாய். துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், கடைசியாக ஒன்று சொன்னாய். "அவ என்ன நம்ம பஸ்ஸாம்மா?"

அதைக் கேட்டதும் நான் உள்ளே போய்விட்டதைக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது. என் வாயிலிருந்து எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்தாய்.

அந்த பஸ் கணக்கு எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நான் சேர்ந்த காலத்தில் எங்களால் ஒரு சங்கக் கூட்டம் நடத்த முடியாது. வேலை முடிந்த பத்தாவது நிமிடம் பஸ்கள் கிளம்பிவிடும், கூட்டத்துக்கு யார் நிற்பது? அதனால் கூட்டத்தை பஸ்ஸுக்குள் கொண்டுபோனோம். ஜாசின் பஸ்ஸுக்கு ஒரு செயலவை உறுப்பினர், அலோர் காஜா பஸ்ஸுக்கு ஒருவர், மஸ்ஜித் தானா பஸ்ஸுக்கு ஒருவர். புகார் எழுதுவது, படிவம் நிரப்புவது, செய்தி சொல்வது எல்லாம் ஓடுகிற பஸ்ஸில்தான். ஜாசின் பஸ்ஸுக்கு நான். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியை வைத்துக்கொண்டு அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுவேன், மேடு பள்ளத்தில் எழுத்து குதிக்கும். அது நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாட்டால்தான் பிள்ளை பெற்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி வாங்கினோம், கழிவறைக்குப் போக நேரம் வாங்கினோம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

எப்போது அது கெட்டது என்று சொல்லத் தெரியவில்லை. உதவி செய்ய வசதியாக இருக்கட்டும் என்று எந்த பஸ் என்று கேட்க ஆரம்பித்தோம். சில வருடத்தில், உதவி செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அதையே கேட்டோம். நம்ம பஸ் ஆளுக்கு உடனே ஓடுவேன். மற்ற பஸ் ஆள் என்னிடம் வந்தால், உங்கள் பஸ் உறுப்பினரைப் பாருங்கள் என்பேன். அவர் பார்ப்பாரா இல்லையா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்போது பகதூர் என்று ஒருவர் இருந்தார். நேப்பாளத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், அடுப்புப் பிரிவில் வேலை. அவருக்குக் கை வெந்துவிட்டது. கையுறை செய்கிற தொழிற்சாலையில் சூடு தாங்குகிற கையுறை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கையோடு கேண்டீனில் என் எதிரே வந்து நின்றார். "காக், தோலோங். யூனியன்" என்றார். அக்கா, உதவி செய்யுங்கள் என்று மலாயில் கேட்டார்; அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். நான் சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "பஸ் மானா?" என்று கேட்டேன். எந்த பஸ்? அவர் ஹோஸ்டல் என்றார். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற ஹோஸ்டலிலிருந்து நடந்து வருகிறவருக்கு பஸ் ஏது? அப்படியென்றால் ஹோஸ்டல் ஆளைப் பார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். ஹோஸ்டலுக்கு செயலவையில் ஆளே கிடையாது. என் சம்பளத்தில் பிடித்த அதே சந்தாவைத்தான் அவர் சம்பளத்திலும் மாதா மாதம் பிடித்தார்கள். அடுத்த மாதம் அவரை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது மறுபடியும் சொன்னேன். உனக்குப் பதினொரு வயது. "அவன் நடந்துதானே வர்றான், அவனுக்கு நடக்கற யூனியன்தான்" என்று சொன்னாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று உன் தலையைத் தடவினேன். அந்த மனிதரின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை, கட்டுப் போட்ட கைதான் நினைவில் இருக்கிறது. உன் தலையைத் தடவியது நன்றாகவே நினைவில் இருக்கிறது.

அதோடு விட்டேனா? நீ செயலாளர் தேர்தலுக்கு நின்றபோது, இதே மேசையில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், பஸ் பஸ்ஸாக ஓட்டு எண்ணிக் கொடுத்தவள் நான்தான். ஜாசின் பஸ் நம்முடையது, மஸ்ஜித் தானாவில் பாதி தேறும், அலோர் காஜா பஸ் பக்கம் போகாதே, அது அவர்களுடையது என்றேன். நீ போகவில்லை. கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தாய். மாலை போட்டுக்கொண்டு வந்து என் காலில் விழுந்தாய். நீ சொந்தக் காரில் வேலைக்குப் போக ஆரம்பித்து எத்தனையோ வருடமாகிறது, ஆனாலும் ஜாசின் பஸ்ஸின் பிள்ளையாகத்தான் ஜெயித்தாய். எல்லோருக்கும் செயலாளர் என்று அன்றே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஆகையால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று மூன்று நாளாக யோசித்தேன். இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பகதூரிடம் நான் முகத்துக்கு நேராக முடியாது என்றேன். அது பாவம், அதை நான் சுமக்கிறேன். நீ கலாவதியிடம் முடியாது என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தாய். பிறகு, அவள் வேறு வாசலுக்குப் போய்விடாதபடி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நாளைக் கடத்தினாய். அந்த நான்கு செய்தியையும் என் கண்ணால் படித்தேன், ஐயா. கடைசிச் செய்தியில் ஒரு பூப் படம் கூடப் போட்டிருந்தாய்.

உன் இரண்டாவது காரணத்தை நான் ஒதுக்கவில்லை. முன்கையெழுத்தைப் பற்றிப் பேசினால் மற்றவர்களுக்கும் வினை வரலாம் என்பது உண்மைதான். அப்படியானால் செயலவையைக் கூட்டியிருக்க வேண்டும். எல்லோருடைய பெயரிலும், செய்யச் சொன்னது நிர்வாகம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். பஸ்ஸைக் கால் மணி நேரம் தள்ளிப் புறப்படச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எல்லா வழக்கையும் சங்கம் ஜெயித்துவிட முடியாது, எல்லா வழக்கையும் கடைசி வரை கொண்டுபோகவும் முடியாது, அது எனக்குத் தெரியாததல்ல. யோசித்துப் பார்த்து, இதில் நமக்குப் பலமில்லை என்று அவளிடமே சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டுத் தன் வழியைப் பார்த்திருப்பாள். நீ யோசிக்கவே இல்லை. அவள் பிடித்துக்கொண்டு நின்ற படத்தைத்தான் பார்த்தாய்.

அந்தத் தொழிற்சாலையில் இன்னொரு சங்கம் கிடையாது. உன்னைப் பிடிக்காதவள் வேறு கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொள்வாள் என்று இருக்க முடியாது. நிர்வாகத்திடம் பேச அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு வாய்தான், இப்போது அது உன் வாய். உன்னைத் திட்டுகிறவனுக்கும் அதுதான் வாய், உனக்கு எதிராக நின்றவளுக்கும் அதுதான், ஹோஸ்டலிலிருந்து நடந்து வருகிறவனுக்கும் அதுதான். உனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பேசுவதற்கு சங்கம் எதற்கு, ஜாசின் பாசார் சந்தையில் நின்று கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

என் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பொய் சொன்ன பிள்ளையை மன்னித்துப் பழகியவள் நான். பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனை பொய். இது அப்படி இல்லை. கலாவதி உன்னை நம்பாமல் போகக்கூடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என் கையில் அந்தச் சொல்லைக் கொடுத்தாய். இருபத்தாறு வருடம் அந்தத் தொழிற்சாலையில் நான் சம்பாதித்தது சம்பளம் மட்டுமில்லை, அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரு பெயரும்தான். அதை எடுத்து ஒருத்தியின் வேலையை முடிக்கப் பயன்படுத்தினாய். பெற்ற பிள்ளை வஞ்சித்தான் என்று எழுத எனக்குக் கூசுகிறது. கூசிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இன்று புதன்கிழமை. அறுபதில் ஐந்து நாள் மிச்சம். நேற்று நீ வேலைக்குப் போன பிறகு பஸ் பிடித்து அலோர் காஜாவுக்குப் போய்க் கலாவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை என்றதும் அவள் திட்டுவாள் என்று இருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி அப்படிச் செஞ்சிருக்காதுக்கா, வேற யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றாள். என்னை ஆறுதல்படுத்தப் பார்த்தாள். நான் அவளுக்கு வேலையை வாங்கித் தர வேண்டியவள், அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து இலாகாவுக்கான மனுவை எழுதினோம்.

நாளைக் காலையில் அவளை அழைத்துக்கொண்டு மலாக்காவில் இருக்கிற தொழில் உறவு இலாகாவுக்குப் போகிறேன். மனுவோடு என் வாக்குமூலமும் சேர்த்துக் கொடுக்கிறோம். நேற்றிரவு அப்பா அதைப் படித்துவிட்டு, "பெத்த புள்ளையக் காட்டிக் குடுப்பியா?" என்று கேட்டார். பிள்ளையை எங்கே காட்டிக் கொடுத்தேன், செயலாளரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முழுசாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பெண் வீட்டுக்காரர்கள் காதுக்குப் போகும், ஜாசின் பஸ்ஸில் என்னைப் பேசுவார்கள், உன் பதவி போனாலும் போகும். இதையெல்லாம் யோசிக்காமல் கிளம்புகிறேன் என்று நினைக்காதே.

நீயும் வா. எட்டரை மணிக்கு அங்கே இரு. சங்கத்தின் கடிதத்தாளில் அவளுக்காக நான்கு வரி எழுதி, முத்திரை வைத்து எடுத்து வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார், என் பக்கத்தில் வேண்டாம். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். நீயாக அவளிடம் சொல்ல வேண்டியது உனக்கே தெரியும். நீ வந்தால் நான் எழுதியதில் ஒரு வரியைக் கூட அடித்துவிடுவேன் என்று எண்ணிக்கொண்டு வராதே. அடிக்க மாட்டேன். இருந்தாலும் வா.

வாக்குமூலத்தில் இரண்டே பத்திதான். முதல் பத்தியில், சோதனை அட்டையில் கடைசி அரை மணிக்கான கையெழுத்தை முன்கூட்டியே போடும் வழக்கம் மேற்பார்வையாளர்களுக்குத் தெரிந்தே இருபத்தாறு வருடமாக நடந்தது, நானும் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது பத்தியில், விசாரணையன்று சங்கச் செயலாளருக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை, காய்ச்சல் என்று கலாவதியிடம் சொன்னது நான், அது பொய் என்று எழுதியிருக்கிறேன். கீழே பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. செயலாளருக்குக் காய்ச்சல் இல்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்பார். அதனால் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: நான் அவனுடைய தாய்.